தேநீரும் சர்க்கரையும் சட்டத்தில் இல்லை

கர்ரபீன் ஓடை,
9 பிப்ரவரி 1835

அன்புள்ள தாமசின் அக்காவுக்கு,

கட்டின புருஷனைக் குடும்பத்தார் பட்டியலில் எழுதுவதா, வேலைக்காரர் பட்டியலில் எழுதுவதா? மாஜிஸ்திரேட்டின் குமாஸ்தா தலைக்கணக்குக்காக இதைக் கேட்டு ஆள்மேல் ஆள் அனுப்புகிறார். இரண்டிலும் எழுதினால் வட்டாரத்தில் ஒரு தலை கூடிவிடுமாம். இரண்டிலும் விட்டுவிட்டால் ஒரு கைதி தப்பியோடியதாகக் கணக்காகிவிடுமாம். எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொன்னால், நான் விளையாடுகிறேன் என்கிறார்.

உடம்புக்குக் குறைவில்லை. இடது காது மட்டும் எப்போதும்போல. உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? ஜாப் அண்ணனின் இருமல் மட்டுப்பட்டதா?

என் புருஷன், உங்கள் அருமைத் தம்பி, ஆடு திருடிய வழக்கில் ஏழு வருஷத் தண்டனையோடு கைதிக் கப்பலில் சிட்னிக்கு வந்தார். நான் அத்தை விட்டுப்போன காசோடு என் விருப்பத்தில் கப்பலேறி வந்தேன். நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, வேலைக்கு ஒரு கைதி வேண்டும் என்று மனுப் போட்டதும், அரசாங்கம் என் புருஷனையே எனக்கு வேலைக்காரனாக ஒதுக்கித் தந்தது. அன்றைக்கு உங்கள் ரொட்டி அடுப்பின் முன்னால் உட்கார்ந்து இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். இரண்டு வருஷம் ஆகிறது. எனக்கு இப்போது சிரிப்பு வருவதில்லை.

நேற்று தேவாலயத்து வாசலில் மாஜிஸ்திரேட்டின் மனைவி ஹாலெட் அம்மாள் என்னை நிறுத்தினார்.

"மிஸஸ் டக்கெட், உங்க வேலைக்காரன் உங்ககூடவே மேஜையில உக்காந்து சாப்பிடறானாமே?"

"அவர் என் புருஷன்ம்மா."

"நான் இல்லேன்னா சொன்னேன்? ஆனா முதல்ல அவன் மன்னரோட கைதி. உங்களைப் பாத்து மத்தவங்க வீட்டு ஆளுங்களும் நாற்காலி கேக்கறாங்க."

வீட்டுக்கு வந்து சொன்னால், உங்கள் தம்பிக்குக் கோபம் வரவில்லை. சந்தோஷம்தான் வந்தது. "விடுங்க எஜமானியம்மா, நான் பைக்கூடக் குடிசையிலயே தின்னுக்கறேன். ஆனா சட்டப்படி எனக்கு வாரத்துக்கு என்ன உண்டோ, அதை நிறுத்துக் குடுத்துடணும், ஆமா."

பைக் என்பது என்னிடம் இருக்கும் இன்னொரு கைதி; பழைய கப்பல்காரர், எதற்கும் சிரிக்காதவர். அவரே சிரித்தார்.

ஆக, இனிமேல் சனிக்கிழமைதோறும் என் புருஷனுக்கு நான் இறைச்சியும் மாவும் உப்பும் சோப்பும் நிறுத்துக் கொடுக்க வேண்டும். தேநீரும் சர்க்கரையும் சட்டத்தில் இல்லை. எஜமானர் மனம் வைத்தால் உண்டு. அதற்கும் அவர் ஒரு தகரக் குவளையைத் தேடி எடுத்து நீட்டி, "மனசு வெப்பீங்களா?" என்கிறார்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். நின்றுகொண்டே மாவு பிசையாதீர்கள்.

கெசியா


பாரமட்டா,
22 பிப்ரவரி 1835

அன்புள்ள கெசியா,

உன் கடிதம் வந்தது. படித்துக் காட்டியபோது ஜாப் சிரித்துச் சிரித்து இருமலை வரவழைத்துக்கொண்டார். முழங்கால் வெயில் இருக்கும்வரை பேசாமல் இருக்கிறது.

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? புருஷன் என்றால் குடும்பம். குமாஸ்தாவிடம் அப்படியே சொல். தேவாலயத்தில் சாட்சியோடு நடந்த கல்யாணத்தை ஒரு பட்டியலா அழிக்கும்? அந்த ஹாலெட் அம்மாளுக்கு வீட்டில் வேலை இல்லை போலிருக்கிறது.

இங்கே ரொட்டிக் கடைக்கு வருகிறவர்கள் கேட்கிறார்கள். "உங்க தம்பி சம்சாரம் புருஷனுக்குக் கூலி எவ்ளோ குடுக்குது?" என்று ஒரு வண்டிக்காரன் கேட்டான். பழைய ரொட்டியைக் கட்டிக் கொடுத்து அனுப்பினேன். எத்தனை பேருக்கு அப்படிக் கொடுக்க முடியும்?

செப்டம்பரில் தம்பிக்கு நாலு வருஷம் முடிகிறது. ஏழு வருஷக் கைதிக்கு அப்போது விடுப்புச் சீட்டு கேட்கலாம். சீட்டு கிடைத்துவிட்டால் அவன் யாருக்கும் வேலைக்காரன் இல்லை. சொந்தமாகத் தொழில் பார்க்கலாம், தலை நிமிர்ந்து நடக்கலாம். அதற்கு எஜமானர் நன்னடத்தைக்குச் சாட்சி சொல்ல வேண்டும். எஜமானர் நீதான். உன் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. முன்கூட்டியே எழுதி வைத்துவிடு. அவன் நல்ல வேலைக்காரன் என்று நீயே எத்தனை தரம் எழுதியிருக்கிறாய்.

சீட்டை உங்கள் வட்டாரத்துக்கே வாங்கிவிடு. எந்த வட்டாரம் என்று எழுதியிருக்கிறதோ அதைத் தாண்டி அவன் தங்க முடியாது, தெரியும்தானே. எங்களோடு வைத்துக்கொள்ள ஆசைதான். ஆனால் இங்கே இடம் எங்கே இருக்கிறது? மாடி முழுக்க மாவு மூட்டை. ஜாப்பின் இருமல் வேறு. மனைவி இருக்கிற இடம்தான் அவனுக்கு இடம்.

வெயிலில் தலைக்குத் துணி கட்டாமல் வயலுக்குப் போகாதே.

தாமசின்


கர்ரபீன் ஓடை,
20 மார்ச் 1835

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் அனுப்பிய ஈஸ்ட் உயிரோடு வந்து சேர்ந்தது. முதல் ரொட்டி கல். இரண்டாவது ரொட்டியைச் சாப்பிட முடிந்தது. உங்கள் முழங்கால் மழைக்காலத்துக்கு முன் தேறட்டும்.

பட்டியல் விவகாரம் முடிந்தது. மாஜிஸ்திரேட் காப்டன் ஹாலெட்டே தீர்ப்புச் சொல்லிவிட்டார்: வேலைக்காரர். குடும்பத்தில் என் பெயர் மட்டும். குமாஸ்தா மிகவும் திருப்தியாக மையை ஒற்றி எடுத்தார்.

மக்காச்சோளம் முற்றிவிட்டது. பன்றிகள் வேலியை இரண்டு இடத்தில் பிரித்தன. பைக் கட்டிய இடம் நிற்கிறது, நான் கட்டிய இடம் நிற்கவில்லை. உங்கள் தம்பி வண்டிக்குப் புதுச் சக்கரம் செய்தார். நல்ல சக்கரம். மரம் அவர் கைக்கு அடங்கும், அதை நான் ஒருநாளும் மறுத்ததில்லை.

இடையில் சட்டத்தை மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார். காலணி தேய்ந்தால் எஜமானர் வாங்கித் தர வேண்டும். தந்தேன். போர்வை ஒன்று உண்டு. கட்டிலில் இருப்பது என் போர்வை, நான் ஊரிலிருந்து சுமந்து வந்தது. அதை எடுத்துக்கொண்டு போய்விட்டு, "அரசாங்கம் குடுக்கச் சொன்னதுதானே எஜமானியம்மா, நானா கேக்கறேன்?" என்கிறார். இன்னொன்று வாங்கினேன், அது பைக்குக்குப் போனது. இப்போது குடிசையில் இருக்கும் இரண்டு ஆண்களுக்கும் போர்வை இருக்கிறது. எஜமானி பழைய சாக்கைப் போர்த்திப் படுக்கிறாள்.

எது கேட்டாலும் "நீங்க" என்றுதான் கேட்கிறார். கல்யாணமான நாளிலிருந்து என்னை யாரும் இவ்வளவு மரியாதையாகக் கூப்பிட்டதில்லை.

ஜாப் அண்ணனுக்குத் தேன் அனுப்புகிறேன். வெந்நீரில் கலந்து கொடுங்கள்.

கெசியா


பாரமட்டா,
12 ஏப்ரல் 1835

அன்புள்ள கெசியா,

சுகம். தேன் வந்தது.

பன்றியைப் பற்றி எழுதியிருக்கிறாய், வேலியைப் பற்றி, போர்வையைப் பற்றி. நான் கேட்டதற்கு ஒரு வரி இல்லை. தபாலில் அந்தப் பக்கம் மட்டும் நனைந்துவிட்டதா?

மறுபடியும் கேட்கிறேன். சாட்சி எழுதினாயா இல்லையா? தம்பி யாரையோ பிடித்து எனக்கு ஒரு கடிதம் எழுதச் சொல்லியிருக்கிறான். "அக்கா, அவகிட்ட நீ ஒரு வார்த்தை சொல்லு, நான் கேட்டா மாவு கணக்கு பேசறா" என்று இருக்கிறது. ஒரு ஆண்பிள்ளை இப்படி எழுதும்படி ஆகலாமா?

உன் காதுக்கு வெதுவெதுப்பான எண்ணெய் விட்டுப் பார்த்தாயா?

தாமசின்


கர்ரபீன் ஓடை,
3 மே 1835

அன்புள்ள அக்காவுக்கு,

எண்ணெய் விட்டேன். ஒன்றும் கேட்கவில்லை. அது எண்ணெயால் வந்ததும் இல்லை. மற்றபடி சுகம். நீங்கள் இருவரும் சுகமாக இருக்க வேண்டும்.

இங்கே நடந்ததை நீங்கள் வேறு யார் வாயாலாவது கேட்பதற்குமுன் நானே எழுதிவிடுகிறேன். மக்காச்சோளத்தை அரைத்துவர உங்கள் தம்பியை வண்டியோடு மாவு ஆலைக்கு அனுப்பினேன். வேலைக்காரன் பண்ணையை விட்டுப் போனால் எஜமானர் கையெழுத்துப் போட்ட பாஸ் கையில் இருக்க வேண்டும். நான் எழுதவில்லை. ரொட்டி அடுப்பில் இருந்தது, கன்று கயிற்றை அறுத்திருந்தது, மறந்துவிட்டது. ஆற்றுத் துறைக்கு இந்தப் பக்கம் கான்ஸ்டபிள் ரூனி அவரை மறித்திருக்கிறான். ரூனியும் கைதியாக வந்தவன்தான். ஓடிப்போகிறவனைப் பிடித்தால் அவனுக்கு வெகுமதி உண்டு.

"பாஸ் எங்கடா?"

"எம் பொண்டாட்டி எழுத மறந்துட்டா."

"பொண்டாட்டி எழுதற பாஸெல்லாம் செல்லாது. எஜமான் எழுதினதை எடு."

"அவதான்யா எஜமான்."

"அது எல்லா வீட்லயும் அப்படித்தான். கையை நீட்டு."

துறையில் இருக்கிற எல்லோருக்கும் ரூனி இதை நடித்துக் காட்டிவிட்டான். விலங்கு போட்டு அழைத்துப்போகும்போது, ஆற்றின் அக்கரையில் இந்த மண்ணின் பழைய மக்கள் மீன் சுட்டுக்கொண்டு உட்கார்ந்து பார்த்தார்களாம். அவர்களிடம் யாரும் பாஸ் கேட்பதில்லை. நிலத்தையும் கேட்டு வாங்கவில்லை.

மறுநாள் நான் பைக் பழக்கிய கழுதையில் ஏறி, இடுப்பு முறிய, நீதிமன்றத்துக்குப் போனேன். என் புருஷன் என்னுடையவர்தான் என்று சத்தியம் செய்வதற்கு.

காப்டன் ஹாலெட் நல்லபடியாகத்தான் பேசினார். "இவன் உங்க அனுமதியோட போனானா, இல்லாம போனானா? அனுமதி இல்லேன்னா கசையடி, சீட்டும் ஒரு வருஷம் தள்ளிப்போகும். உங்க வார்த்தைதாம்மா. ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

மேஜையில் ஒரு ஈ நடந்துகொண்டிருந்தது. அது மைக்கூட்டைச் சுற்றி இந்தப் பக்கம் வந்தது. உங்கள் தம்பி என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். விலங்கில் இருக்கும்போது அவர் கைகள் சின்னதாகத் தெரிகின்றன.

"அனுமதியோடதான் போனார்" என்றேன். அவரையும் வண்டியையும் விட்டுவிட்டார்கள்.

திரும்பும் வழியில் அவர் எஜமானியம்மா என்று ஒரு தரமும் சொல்லவில்லை. பாதி தூரம் வந்ததும், "பதில் சொல்ல ஏன் அவ்ளோ நேரம்?" என்று கேட்டார்.

"காது சரியா கேக்கலை" என்றேன்.

அதற்குமேல் அவர் காதைப் பற்றிப் பேசவில்லை. மாட்டை அதட்டிக்கொண்டு வந்தார்.

இரண்டு பேரும் உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

கெசியா


பாரமட்டா,
24 மே 1835

கெசியா,

என் உடம்பைப் பற்றிக் கேட்காதே, உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து தலைவலி.

ஈ நடந்ததாம்! ஒரு மனிதனின் முதுகுத்தோல் உன் வாயில் இருக்கிறது, நீ ஈயைப் பார்த்துக்கொண்டிருந்தாயா? சொல்லவேண்டியதைச் சொன்னாய், சரி. ஆனால் ஏன் தாமதம்? அவனுக்குப் பட்ட அந்த அவமானத்தை நினைத்தாயா? அவன் ஒன்றும் கொலைகாரன் இல்லை. சின்ன வயதில் கை கொஞ்சம் நீளம். கோபம் வந்தால் எதிரில் யார் என்று தெரியாது. அதெல்லாம் அந்த வயது. கடல் தாண்டி, விலங்கு பூட்டி, இத்தனை பட்ட பிறகு யாரும் மாறத்தான் செய்வார்கள். மாறியிருக்கிறான் என்று நீயே எழுதியிருக்கிறாய்: "நீங்க" என்கிறான் என்று.

சாட்சி எழுது. வேறொன்றும் நான் கேட்கவில்லை.

ஜாப் உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார். குளிர் தொடங்கிவிட்டது, காதை மூடிக்கொள்.

தாமசின்


கர்ரபீன் ஓடை,
2 ஆகஸ்ட் 1835

அன்புள்ள அக்காவுக்கு,

ஜூன் முழுக்க வெள்ளம். தபால் வரவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். ஜூலையில் வந்தது. நான்தான் எழுதவில்லை. உங்கள் தலைவலி எப்போதோ போயிருக்கும். எனக்கு உடம்பில் ஒன்றும் இல்லை.

உங்கள் தம்பி ஜூலை வரையில் நல்ல வேலைக்காரர். விதைப்பு அவர் இல்லாவிட்டால் நடந்திருக்காது. அதன்பிறகு செப்டம்பர் அவர் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்துவிட்டது. முதலில் எஜமானியம்மா போனது. பிறகு "நீங்க" போய் "நீ" வந்தது. அதற்கு நான் ஒன்றும் சொல்லவில்லை, புருஷன் பெண்டாட்டியை அப்படித்தான் கூப்பிடுவான். போன செவ்வாய்க்கிழமை மாட்டை நுகத்தில் பூட்டச் சொன்னேன். அவர் புகையிலை நறுக்கிக்கொண்டிருந்தார்.

"ஏண்டி, அதுக்குள்ள என்ன அவசரம் உனக்கு?"

அவ்வளவுதான். கையை ஓங்கவில்லை. குரலைக்கூட உயர்த்தவில்லை. ஆனால் அந்த "டி"யை நான் ஊரில் விட்டுவிட்டு வந்ததாக நினைத்திருந்தேன். என் கையிலிருந்த பால் வாளி கீழே விழுந்தது. பைக் வந்து எடுத்து வைத்துவிட்டு மாட்டைப் பூட்டினார்.

நான் எழுதாமல் இருந்ததற்குக் காரணம் இதுதான், இனி வேலியையும் பன்றியையும் எழுதிக்கொண்டிருப்பதில் பயன் இல்லை. வேலைக்காரன் எஜமானியை அடித்தால் சங்கிலி பூட்டிச் சாலை போட அனுப்புவார்கள். புருஷன் பெண்டாட்டியை அடித்தால் பக்கத்து வீட்டார் கதவைச் சாத்திக்கொள்வார்கள். எனக்கு இரண்டும் ஒரே ஆள். நான் கையெழுத்துப் போட்டால் முதலாமவன் போய் இரண்டாமவன் வருவான். கையெழுத்துப் போடாவிட்டால் மூன்று வருஷம் கழித்துத் தண்டனை முடிந்து, இன்னும் அதிகக் கோபத்தோடு, அதே சமையலறைக்கு அதே ஆள் வருவான். உங்கள் கடிதங்களில் இதற்கு ஒரு வழியும் இல்லை. எழுது, எழுது என்று மட்டும் இருக்கிறது.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். சீட்டைக் கர்ரபீனுக்குத்தான் எழுதவேண்டும் என்று இல்லை. பாரமட்டாவுக்கும் எழுதலாம். அவர் மாறிவிட்டார் என்கிறீர்கள். உங்களோடு வைத்துக்கொள்வீர்களா?

நான் கப்பலிலிருந்து இறங்கி உங்கள் வீட்டில் தங்கியபோது நீங்கள் மாவு பிசைவதைப் பார்த்திருக்கிறேன். இடதுகைச் சுண்டுவிரல் மடங்குவதில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை. என் காது ஏன் கேட்பதில்லை என்று நீங்களும் கேட்கவில்லை.

சுகமாக இருங்கள்.

கெசியா


பாரமட்டா,
13 செப்டம்பர் 1835

அன்புள்ள கெசியா,

உன் கடிதம் வந்து ஐந்து வாரம் ஆகிறது. கோதுமை விலை ஏறிவிட்டது. அடுப்பின் பின்சுவர் இடிந்து கட்டவேண்டியிருந்தது. ஜாப் படுக்கையில் இருந்து இப்போதுதான் எழுந்து நடக்கிறார். இதையெல்லாம் காரணமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இரண்டு தாள் எழுதிக் கிழித்தாயிற்று.

முடியாது. அவன் இங்கே வரவேண்டாம்.

இடம் இல்லை என்றது பொய். மாடியில் ஓர் அறை காலியாகவே கிடக்கிறது, அதில் ஒரு மூட்டைகூட இல்லை. உன் கடிதத்தை எப்போதும்போல ஜாப்பிடம் படித்துக் காட்டப்போனேன், சுண்டுவிரல் வரும் வரியோடு நிறுத்திவிட்டேன். "கதவுல நசுங்கினதுன்னு சொன்னியே?" என்றார். இத்தனை வருஷமாக அப்படித்தான் சொல்லிவந்திருக்கிறேன். அம்மாவிடமும் அப்படித்தான் சொன்னேன். எனக்கு அப்போது பத்தொன்பது, அவனுக்குப் பதினேழு. அவன் சட்டையைத் துவைக்காமல் விட்டுவிட்டேன். கதவுக்கு அவ்வளவு கோபம் வராது.

நீ வந்து இறங்கிய அன்றே வலது காதைத் திருப்பித் திருப்பிக் கேட்டதைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். கேட்டால் நீ சொல்லிவிடுவாயோ என்று கேட்கவில்லை. சொன்னால், அவனிடம் உன்னை அனுப்ப எனக்கு மனம் வராது. நீ போனால் அவன் இங்கே வரமாட்டான் என்றுதான் உன்னை அனுப்பினேன். எழுதிவிட்டேன், இப்போது நீ என்னை எப்படி வேண்டுமானாலும் நினைத்துக்கொள்.

கையெழுத்துப் போடு என்று இனி சொல்லமாட்டேன். போடாதே என்று சொல்லவும் வாய் வரவில்லை. என் தம்பி. அவன் பசியோடு இருந்தால் எனக்குச் சோறு இறங்காது. அவன் கதவைத் தட்டினாலும் இறங்காது.

உன் உடம்பைப் பார்த்துக்கொள். இதை வெறும் வார்த்தைக்காக எழுதவில்லை.

தாமசின்


கர்ரபீன் ஓடை,
2 அக்டோபர் 1835

அன்புள்ள அக்காவுக்கு,

ஜாப் அண்ணன் நடக்கிறார் என்று படித்து நிம்மதி. நீங்கள் எழுதியதைப் பற்றி நான் ஒன்றும் நினைக்கவில்லை. உங்கள் இடத்தில் இருந்திருந்தால் நானும் மாடியைப் பூட்டித்தான் வைத்திருப்பேன். கோபம் இருக்கிறது, ஆனால் அது யார்மேல் என்று பிரித்துப் பார்க்க இப்போது நேரம் இல்லை.

நாளைக்கு நீதிமன்றம். சீட்டுக்கு மனுப் போட்டவர்களைக் கூப்பிடுகிறார்கள். எஜமானரிடம் மூன்று கேள்வி: நேர்மையானவனா, குடிக்காதவனா, உழைப்பாளியா. இந்த இரண்டு வருஷத்தில் அவர் மூன்றும்தான். ஊரில் ஆட்டைத் திருடினார், ஆனால் என் பண்ணையில் ஒரு முட்டை காணாமல் போனதில்லை. குடிக்கக் கிடைக்கவில்லை, ஆகவே குடிக்கவில்லை. பொய் சொல்லாமல் நான் மறுக்கமுடியாது. நான்காவது கேள்வி ஒன்று இருந்தால் சுலபமாக இருக்கும். அதை யாரும் கேட்பதில்லை.

இன்று அவர் தலைமுடி வெட்டிக்கொண்டார். "நாளைக்குப் பாத்துப் பேசு, கெசியா" என்றார். மிரட்டலா, வேண்டுகோளா என்று தெரியவில்லை. என்ன பேசுவேன் என்பதும் தெரியவில்லை. ஓடையில் தண்ணீர் ஏறி நிற்பதால் தபால் குதிரை இன்று வரவில்லை. அதனால் இதை ஒட்டாமல் வைக்கிறேன்.

3 அக்டோபர், சனி

நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

மூன்று கேள்வியும் கேட்டார்கள். மூன்றுக்கும் ஆமாம் என்றேன். காப்டன் ஹாலெட் பேனாவைத் தொட்டு, "அப்ப சரி. கர்ரபீன் வட்டாரம்னு போடறேன். பொண்டாட்டி இருக்கற இடம்தானே" என்றார்.

"இந்த வட்டாரம் வேண்டாம்" என்றேன்.

"என்னம்மா?"

"வேற எங்க வேணா எழுதுங்க. இங்க வேண்டாம்."

"ஏன்?"

வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தது எதுவும் வரவில்லை. "இவர் இங்க வேலைக்காரரா இருந்தவரைக்கும் என்மேல கை வெச்சதில்லை. வெச்சா சட்டம் என்ன பண்ணும்னு தெரியும். ஊர்ல புருஷனா இருந்தப்ப அதுக்குச் சட்டம் எதுவும் இல்லை. இந்தக் காது அங்க போனதுதான்" என்றேன்.

ரூனி கதவருகில் நின்று தன் பூட்ஸைப் பார்த்தான். காப்டன் முகம் சிவந்துவிட்டது. "இது குடும்ப விஷயம். மன்றத்துக்கு இதுல சம்பந்தமில்லை."

"பட்டியல்ல அவர் குடும்பத்துல இல்லீங்களே" என்றேன். "வேலைக்காரர்லதான் இருக்கார். நீங்கதான் அப்படி எழுதச் சொன்னீங்க."

குமாஸ்தா இருமினார். நான் உங்கள் தம்பியைப் பார்க்கவில்லை. அவர் குரல்தான் கேட்டது, வலது பக்கமாக நின்றதால் நன்றாகவே கேட்டது.

"பாத்தர்ஸ்ட்னு எழுதுங்க சார்."

"என்னடா?"

"மலைக்கு அந்தப் பக்கம் வண்டி நிறைய ஓடுது. சக்கரம் பண்ண ஆள் இல்லையாம்."

"பொண்டாட்டி சொல்றது..."

"சக்கரம் பண்ண ஆள் இல்லை சார்" என்றார் மறுபடியும்.

நான் சொன்னது பொய் என்று அவர் சொல்லவில்லை. உண்மை என்றும் சொல்லவில்லை. காப்டன் வேகமாக எழுதினார். அவருக்கு வேறெதுவும் எழுதவேண்டியிராமல் போனதில் மகிழ்ச்சி. சிட்னியிலிருந்து சீட்டு வரச் சில வாரம் ஆகுமாம். அதுவரை அவர் என் வேலைக்காரர். தண்டனை முடிய மூன்று வருஷம் இருக்கிறது, அதன்பின் அவர் எங்கே வேண்டுமானாலும் போகலாம், இங்கேயும் வரலாம். அதை நான் மறக்கவில்லை.

வண்டியில் திரும்பினோம். மேட்டில் ஒரு சக்கரம் கிரீச்சிட்டது. அவர் இறங்கி அச்சுக்குக் கொழுப்புத் தடவிவிட்டு ஏறினார்.

இன்று சனிக்கிழமை. சாயங்காலம் அவர் சமையலறை வாசலில் வந்து நின்றார். இறைச்சி, மாவு, உப்பு, சோப்பு எல்லாம் நிறுத்தேன். குவளை கையில் இருந்தது, ஆனால் மனசு வெப்பீங்களா என்று கேட்கவில்லை. நானே குவளையை வாங்கித் தேயிலை போட்டேன், அதன்மேல் சர்க்கரை போட்டேன்.

"இது சட்டத்துல இல்லையே" என்றார்.

"தெரியும்" என்றேன்.

குவளையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். "சரிங்க" என்று சொல்லிவிட்டுக் குடிசைக்குப் போனார்.

கெசியா